சாமிக்கு எடுத்து வைத்த பால்: ஆடி மூன்றாம் வெள்ளிக்கு ஒத்தக்கடைப் பக்கம் போய்வந்தது

இந்த ஆடி மூன்றாம் வெள்ளிக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று நான் வேண்டிக்கொண்டது போன தை மாதம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி. அதை நிறைவேற்றத்தான் வியாழக்கிழமை காலையில் கோச்சடையிலிருந்து கிளம்பி, ஒத்தக்கடைக்கு உள்ளே இருக்கும் எங்கள் வீட்டுக்காரரின் ஊருக்குப் போய், ஒரு ராத்திரி தங்கி, வெள்ளி சாயங்காலம் திரும்பினேன். போக இருபத்தொன்றரை கிலோமீட்டர், வர அதே அளவு. இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று வீட்டுக்காரரே கேட்டார். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் போனேன் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. முதல் தடவை மருந்துக் கடையில் வாய்வார்த்தையாகச் சொல்லி ஐந்து மாத்திரை வாங்கினேன். மூன்று போட்டதும் குணம் தெரிந்தது. மீதி இரண்டை வீணாக்குவானேன் என்று அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். இரண்டாம் தடவை வந்தபோது அந்த இரண்டையும் போட்டுச் சமாளித்தேன். சிக்கனமாக நடந்துகொண்டதாக எனக்குப் பெருமை வேறு. மூன்றாம் தடவை எந்த மாத்திரையும் கேட்கவில்லை. நடுக்கும் காய்ச்சல், இடுப்புக்கு மேலே குத்தும் வலி, ஏழு நாள் படுக்கை.

அங்கே சிறுநீரிலிருந்த கிருமியை வளர்த்து ஒரு இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று அது தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. முன்பெல்லாம் இதற்கு மூன்று நாலு நாள் காத்திருக்க வேண்டுமாம். எனக்கு மறுநாளே வந்தது. பதினாறு மருந்துப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. எனக்குப் பதினொன்றில் ஆர். என் உடம்பில் இருக்கும் கிருமி அந்தப் பதினொரு மருந்தையும் பழகிக்கொண்டுவிட்டது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் அந்தத் தாளை வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டேன், போனில் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். இப்போது அந்தப் பதினாறும் அர்ச்சனைப் பெயர்கள் போல வரிசையாக வரும்.

இனிப் பயணம். வியாழன் காலை 5.50க்கு விளக்கேற்றிவிட்டு வீட்டை விட்டு இறங்கினேன். பால்குடத்துக்கு விரதம் என்பதால் ஒருவேளைச் சாப்பாடு, அதனால் கட்டுச்சோற்றுப் பை இல்லை, கை வீசி நடக்கலாம். 6.05க்குக் கோச்சடையில் டவுன் பஸ், 6.25க்குப் பெரியார் நிலையம், ஐந்து கிலோமீட்டர். அங்கிருந்து 6.40க்கு மாட்டுத்தாவணி போகும் பஸ், ஆறரை கிலோமீட்டர், 7.10க்கு இறங்கினேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் பஸ்ஸின் நெற்றியைப் பார்த்து ஏறுங்கள். அவசரத்தில் சொகுசுப் பேருந்தில் ஏறிவிட்டு நடத்துநரோடு வாதாடும் பெண்கள் தினமும் உண்டு.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கால் கிலோ மல்லி நூற்றைம்பது ரூபாய், அரளி மாலை எண்பது. வெள்ளிக்கிழமைக்குப் பூவை வியாழக்கிழமையே வாங்குவதா என்று நான் தயங்கியதைப் பூக்காரம்மா கண்டுகொண்டார். "ஈரத்துணில சுத்தி வச்சுக்கம்மா, வாடாது. நாளைக்கு வந்து வெலையக் கேட்டியன்னா மாரியாத்தாளே மலையேறிருவா" என்றார். வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு டம்ளர் மோர் குடித்தேன்.

7.50க்கு மேலூர் ரோட்டில் போகும் டவுன் பஸ். ஜன்னலோரம் கிடைத்தால் இடது பக்கம் உட்காருங்கள். யானைமலை படுத்த யானையாக முதலில் தும்பிக்கையைக் காட்டி, பிறகு மெல்ல முதுகைக் காட்டும். புது வீடுகளும் கல்லூரிகளும் எழும்பி நடுவில் மறைத்தாலும் மலை விட்டுக்கொடுக்கவில்லை. நரசிங்கப் பெருமாள் இருக்கும் திசையை நோக்கி உட்கார்ந்தபடியே கும்பிட்டேன். 8.10க்கு ஒத்தக்கடை, ஐந்தரை கிலோமீட்டர்.

ஊருக்குள் போக இன்னும் நாலரை கிலோமீட்டர். ஷேர் ஆட்டோதான், தலைக்கு இருபது ரூபாய். ஆறு பேர் சேரும்வரை நகராது, எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஓட்டுநர் உள்ளூர்க்காரர். செல்வி வீட்டுக்குப் போகிறேன் என்றதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "செல்வியக்கா வீட்டு வாசல்ல பால் வண்டி மூணு நாளா நிக்கலையே அக்கா, ஏதும் வெவரமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரியாதுதான்.

செல்வி என் நாத்தனார், வீட்டுக்காரருக்குத் தங்கை. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்ததால் பிறந்த ஊரும் வாழும் ஊரும் அவளுக்கு ஒன்றுதான். இரண்டு கலப்பின மாடுகள். ஒன்று சினையாக இருப்பதால் கறவை நின்றுவிட்டது. மற்றது வெள்ளச்சி, காலையில் மட்டும் ஏழு லிட்டர் கறக்கும். அந்தத் தெருவில் பால்குடம் எடுக்கும் பெண்களுக்கு ஆண்டுதோறும் செல்விதான் பால் கொடுப்பாள். குடத்துக்கு அரை லிட்டர் பாலும் மீதிக்கு மஞ்சள் கலந்த தண்ணீரும். காசு வாங்க மாட்டாள். இந்த ஆண்டு என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு குடங்கள்.

நான் இறங்கியபோது மணி 8.55. "என்ன மதினி, இம்புட்டு வெள்ளனா வந்துட்டீக" என்று பையை வாங்கிக்கொண்டாள். கால் கழுவக் கொல்லைக்குப் போனேன். கொட்டகைச் சுவரின் மாடக்குழியில் மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. குப்பியைக் கண்டால் பெயரைப் படிக்காமல் இருக்க முடியாத பழக்கம் தை மாதத்திலிருந்து வந்துவிட்டது. படித்தேன். செஃப்ட்ரியாக்சோன். என் தாளில் நாலாவது வரி, ஆர் போட்டது.

மாட்டுக்கும் நமக்கும் ஒரே மருந்தா என்று எனக்குத் திக்கென்றது. இதனால்தான் எனக்கு நோய் வந்தது என்று எழுதமாட்டேன். பிறகு டாக்டரிடமே கேட்டேன், அப்படி விரல் நீட்டிச் சொல்லிவிட முடியாது என்றார். ஆனால் ஒரே மருந்தை மாட்டுக் கொட்டகையிலும் மனிதர் வீட்டிலும் கண்டபடி போட்டால், அதைப் பழகிக்கொள்ளும் கிருமி இரண்டு இடத்திலும் வளரும், அதற்கு வேலி கிடையாது என்பதையும் அவரே சொன்னார்.

வெள்ளச்சியின் மடியைப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு காம்பு மட்டும் சிவந்து வீங்கியிருந்தது. செல்வியைக் கூப்பிட்டு எப்போது ஊசி போட்டாய் என்று கேட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை. மடிநோய், மூன்று நாளாக ஊர்ப்பக்கம் ஊசி போடும் ஒருவர் வந்து போட்டுவிட்டுப் போகிறார், நேற்று சாயங்காலம் கடைசி ஊசி. பால் கொள்முதல் நிலையத்தில் ஏழு நாள் கழித்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள்.

"அப்ப நாளைக்குக் குடத்துக்குப் பாலு?"

"இதான் மதினி. அவுக எடுக்க மாட்டேன்னுட்டாக, கீழயா ஊத்த முடியும்? நல்லவேளை ஆடி வெள்ளி வந்துச்சு, சாமிக்குன்னு வச்சிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. சொல்லப்போனால் நிம்மதி இருந்தது. வியாபாரத்துக்கு ஆகாத பாலுக்குச் சாமியைவிட நல்ல இடம் எது என்பது அவள் எண்ணம். அந்தப் பக்கம் அவள் மட்டுமல்ல, ஊசி போட்ட மாட்டுப் பாலைக் கன்றுக்கு விடுவது, விசேஷம் வந்தால் அபிஷேகத்துக்குக் கொடுப்பது என்று பல வீடுகளில் வழக்கம். தை மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் நல்ல யோசனை என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்தக் கோயிலில் அபிஷேகப் பால் தரையில் போவதில்லை. அம்மன் மேலிருந்து இறங்கும் பாலை அண்டாவில் பிடித்து, காய்ச்சாமல் அப்படியே பிரசாதமாகக் கொடுப்பார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நிற்கும். அதிலும் நோய் நொடியில் கிடக்கும் பிள்ளைக்குத்தான் முதல் டம்ளர்.

செல்வியின் கணவர் கருப்பையா அண்ணன் அப்போது வைக்கோல் கட்டோடு வந்தார். எனக்கு அண்ணன் முறை. விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "தங்கச்சி ஆஸ்பத்திரிக்கு நோயாளியாப் போயி டாக்டரா வந்திருச்சு. ஏந்த்தா, மாட்டுக்குப் போட்ட ஊசி மாரியாத்தாள என்ன செஞ்சிரும்?"

"அவளை ஒண்ணும் செய்யாதுண்ணே. குடிக்கிறது நம்ம பிள்ளைகல்ல."

அவர் வைக்கோலைப் போட்டுவிட்டு வெள்ளச்சியின் மடியைக் குனிந்து பார்த்தார். செல்விக்குத்தான் முகம் வாடிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். மாட்டுக்கு மடிநோய் என்று தெருவில் யாருக்கும் சொல்லவில்லையாம். தெரிந்தால் வெள்ளச்சி குணமான பிறகும் தன் பாலை எவரும் வாங்க மாட்டார்கள் என்ற பயம்.

"ஊருக்குத் தெரிய வேணாம் மதினி. நாளப்பின்ன நோய்ப்பாலுக்காரின்னு பேராயிரும்."

அவளுக்கு அந்தப் பால்தான் சோறு. அதனால் எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்ததை எழுதிவிடுகிறேன். என் குடத்துக்கு மட்டும் ஒத்தக்கடையில் வேறு பால் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டால் என்ன, என் வேண்டுதல் சுத்தமாக முடிந்துவிடுமே என்று நினைத்தேன். ஒரு பத்து நிமிடம் அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு குடமும் ஒரே அண்டாவில்தான் விழும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நான் சொல்வது சரியா என்பதே எனக்கு நிச்சயமில்லை, பரிசோதித்துப் பார்த்துவிடுவோம் என்று சொன்னேன். செல்வி சம்மதித்தாள். பாலில் ஒன்றும் இல்லை என்று வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் சம்மதித்தாள் என்று நினைக்கிறேன்.

மாலை 3.45க்குக் கறவை முடிந்ததும், கருப்பையா அண்ணன் மொபெட்டில் பாலோடு முன்னால் போக, நானும் செல்வியும் நடந்தோம். கொள்முதல் நிலையம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர், கண்மாய்க்கரை வழி, நிழல் உண்டு. செல்வி இரண்டு பாத்திரம் தயாராக்கியிருந்தாள். மொத்தப் பாலில் ஒரு டம்ளர், நோய்ப்பட்ட காம்பிலிருந்து தனியாக ஒரு சின்னப் புட்டியில் கொஞ்சம். நிலையத்தாரிடம் போனில் கேட்டுக்கொண்டபடி, காம்பைக் கழுவித் துடைத்து, முதல் பீச்சுகளைக் கீழே விட்டுவிட்டு எடுத்தது.

நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர் மணி. நாற்பது வயது இருக்கும், கையில் எப்போதும் போன். பரிசோதனைப் பட்டை என்று ஒன்று வைத்திருக்கிறார், சர்க்கரை பார்க்கும் பட்டையை விடக் கொஞ்சம் நீளம். பாலைச் சின்னக் குப்பியில் விட்டு, சூடாக இருக்கும் ஒரு சிறு பெட்டியில் ஐந்து நிமிடம் வைத்து, பட்டையை முக்கினார். இன்னும் ஐந்து நிமிடத்தில் மேலே ஒரு சிவப்புக் கோடு வந்தது. கீழே ஒன்றும் வரவில்லை.

கருப்பையா அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பறம் என்ன, கீழ ஒண்ணுமே தெரியலயே. ஒண்ணும் இல்லன்னுதான அர்த்தம்?"

மணி தலையை ஆட்டினார். "அங்கதாண்ணே எல்லாரும் ஏமாறுறாக. கீழ கோடு வந்தாத்தான் பாலு நல்லது. மருந்து இருந்தா அது கோட்ட முழுங்கிரும்." சொல்லிவிட்டுப் பட்டையைப் போனில் படம் பிடித்தார். போனே படித்து, மருந்து இருக்கிறது என்று தமிழில் காட்டியது. மனிதர் கண்ணுக்கு மங்கல் கோடு இருக்கிறதா இல்லையா என்று சண்டை வரும், போனோடு சண்டை போட முடியாது என்றார். காய்ச்சினால் போகாதா என்று செல்வி தணிந்த குரலில் கேட்டாள். இந்த மருந்தைக் காய்ச்சிப் போக்க முடியும் என்று நம்பக்கூடாது, பாலில் வருவது நிற்கும்வரை நாள் கடத்துவதுதான் வழி என்றார். பால் சங்க உறுப்பினர்களுக்குப் பரிசோதனை இலவசம்.

சின்னப் புட்டிப் பாலை அவர் வேறு விதமாகக் கையாண்டார். மூன்று அறையாகப் பிரித்த வட்டத் தட்டு, அதில் ஒவ்வொரு சொட்டு தடவி, டிபன் கேரியர் அளவுள்ள வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்தார். மறுநாள் இதே நேரம் எந்த அறையில் எந்த நிறம் வளர்ந்திருக்கிறது என்று படம் எடுத்து, பால் ஒன்றியத்துக் கால்நடை டாக்டரம்மாவுக்கு அனுப்புவார். எந்த வகைக் கிருமி, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று அவர் சொல்வார். எனக்கு ஆஸ்பத்திரியில் பெரிய இயந்திரம் செய்த வேலையில் பாதியை மாட்டுக்கு இந்தச் சின்னப் பெட்டி செய்கிறது. ஊசி போடுவதற்கு முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்றார் மணி.

திரும்பும் வழியில் செல்வி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, விளக்கேற்றி, அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு "வாங்க மதினி" என்று பூசாரி வீட்டுக்குக் கிளம்பினாள். பூசாரி முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. எத்தனை பேருக்குப் பால் தருவதாகச் சொல்லியிருக்கிறாய் என்று மட்டும் கேட்டார். என்னைச் சேர்த்துப் பன்னிரண்டு என்றாள்.

"அப்ப பதினோரு வீட்டுக்கும் நீயே போய்ச் சொல்லிரு தாயி. நான் சொன்னா குத்தம் சாட்டுன மாதிரி ஆயிரும். நீ சொன்னா அது வேற."

மாலை ஆறே காலிலிருந்து ஏழரை வரை வீடு வீடாக நடந்தோம். நான் கூடப் போனேனே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் மூன்று வீட்டில் சரி என்று தலையாட்டினார்கள். நாலாவது வீட்டில் முத்துலட்சுமி என்பவர் இடுப்பில் கைவைத்துக் கேட்டார்: "சொசைட்டிக்கு ஆகாதத ஆத்தாளுக்கு ஊத்தப் பாத்தியாக்கும்? அவ என்ன ஒனக்குக் கழனிப் பானையா?" செல்வி குனிந்த தலை நிமிரவில்லை. "தெரியாமத்தான் வச்சேன். தெரிஞ்சதும் வந்துட்டேன்" என்றாள், அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏழாவது வீட்டில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த அக்கா முழுதும் கேட்டுவிட்டுத் தன் வீட்டு மாட்டைத் திரும்பிப் பார்த்தார். போன பங்குனிப் பொங்கலுக்கு அவரும் ஊசி போட்ட மாட்டுப் பாலைத்தான் கொடுத்தாராம். "நீயாச்சும் வந்து சொன்ன" என்றார். பிறகு, இப்போது அவர் மாட்டுக்கு மாதக் கணக்கில் ஊசி எதுவும் இல்லை, காலைப் பாலை எடுத்துக்கொள் என்றார். பத்தாவது வீட்டிலும் அப்படியே ஒரு சொம்பு தருவதாகச் சொன்னார்கள். ஆக மொத்தம் மூன்று லிட்டர் தேறியது. அரை லிட்டருக்குப் பதில் கால் லிட்டர், குடத்துக்குக் குடம் சரியாக வந்தது.

வெள்ளச்சியின் பாலைக் கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு ஊற்றினோம். கன்றுக்கும் விடவில்லை. பாலைத் தரையில் ஊற்றுவது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள் இருவரும். செல்விதான் சாய்த்தாள். நான் பாத்திரத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தாயே பொறுத்துக்கொள் என்று மூன்று தடவை சொன்னேன்.

வெள்ளி விடியற்காலை 5.30க்கு மணியே மொபெட்டில் வந்து, இரண்டு வீட்டுப் பாலையும் பட்டை வைத்துப் பார்த்தார். இரண்டிலும் மேலும் கீழும் இரண்டு கோடு, மருந்து இல்லை. 7.30க்கு ஊருணிக்கரையில் காப்புக் கட்டி, குடத்தைத் தலையில் ஏற்றினோம். கோயில் வரை ஒன்றேகால் கிலோமீட்டர், வெறுங்கால், வழியெல்லாம் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். உறுமியும் குலவையும் முன்னால் போக, யானைமலைக்கு மேலே வெயில் ஏற ஏற நாங்கள் நடந்தோம். முத்துலட்சுமி எனக்கு முன்னால், செல்வி எனக்குப் பின்னால். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் நினைத்துப் பார்த்ததைவிட அந்த நடை அழகாக இருந்தது. 9.15க்கு அபிஷேகம். குடம் குடமாக அம்மன் மேல் இறங்கிய பாலை அண்டாவில் பிடித்தார்கள். மஞ்சள்தண்ணீர் கூடியதால் பால் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. பிள்ளைகள் நிறம் பார்க்கவில்லை. பத்தரைக்கு ஆடிக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. விரதம் முடித்த நான் கருவாட்டை மட்டும் மறுநாளைக்கு என்று ஒதுக்கினேன்.

மாலை மூன்றே முக்காலுக்கு மணி தட்டைப் படம் எடுத்து அனுப்ப, பத்து நிமிடத்தில் டாக்டரம்மா போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். வளர்ந்திருக்கும் வகைக் கிருமிக்கு அந்த ஊசி உதவாது, இனிப் போட வேண்டாம் என்றார். மாடு தீனி எடுக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். தீனி எடுக்கிறது, காய்ச்சல் இல்லை. அப்படியானால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அந்தக் காம்பை ஒட்டக் கறந்துவிடுங்கள், கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து மடியில் தடவுங்கள், தினமும் படம் அனுப்புங்கள், தீனி நின்றாலோ காய்ச்சல் அடித்தாலோ உடனே கூப்பிடுங்கள் என்றார்.

"அப்ப மூணு நாளு போட்டது வெறுந்தண்ணி தானாம்மா?" என்று கருப்பையா அண்ணன் கேட்டார்.

"தண்ணியா இருந்தாப் பரவாயில்லைங்க. கிருமிக்கு மூணு நாள் பாடம் எடுத்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

4.30க்கு ஆட்டோ, 4.50க்கு ஒத்தக்கடை, பஸ் மாறி மாறி 6.40க்குக் கோச்சடை வீட்டுப்படி ஏறினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இரண்டு நாளில் என் செலவு மொத்தம் 491 ரூபாய்: பூ 230, ஆட்டோ போகவர 40, மோர் 10, மண்குடமும் காப்பும் மஞ்சள் துணியும் சேர்த்துக் கோயிலில் 101, பழம் தேங்காய் 60, தட்டில் 50. பஸ்ஸுக்கு ஒன்றும் இல்லை. வெறுங்காலில் நடக்க முதல் நாளே பித்தவெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மாலை ஆட்டோ ஐந்து மணிக்கு மேல் நிச்சயமில்லை.

இன்னும் இரண்டு. பால்குடத்துக்கோ அபிஷேகத்துக்கோ பால் வாங்கும்போது, மாட்டுக்கு ஊசி போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் பட்டை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள், பல இடத்தில் வந்துவிட்டது. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் மாத்திரை மிச்சம் வைக்கும் என்னைப் போன்ற சிக்கனக்காரிகள் இருந்தால், தயவுசெய்து அதை எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நானாக நிறுத்தியது ஒரு தவறு, நானாகத் தொடங்கியது அதைவிடப் பெரிய தவறு.

நாலாம் வெள்ளிக்கும் போய்வந்தேன், வேண்டுதல் எதுவும் இல்லாமல், சும்மா கும்பிட. கோயில் வாசலில் அபிஷேகத்துக்குப் பால் கொண்டுவந்த பெண்கள் சொம்போடு வரிசையில் நின்றார்கள். பூசாரி ஒவ்வொருவரிடமும் பெயரையும் தெருவையும் கேட்டுவிட்டு, தாழ்ந்த குரலில் இன்னொன்றும் கேட்டார். பெண்களும் அவர் காதோரம் குனிந்து பதில் சொன்னார்கள். செல்வியின் முறை வந்தது. அவள் குனியவில்லை. பின்னால் நின்ற முத்துலட்சுமிக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"வெள்ளச்சி பாலு. மடிநோய் வந்துச்சு, ஊசி போட்டு ஒம்பது நாளாச்சு. இன்னைக்குக் காலைல பாத்தோம், ரெண்டு கோடு."

பூசாரி சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.